அபாயச் செய்தியும் அண்ணனின் ஒரு சொல்லும்

பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, அதே அறையில் பல மழைக்காலங்களைக் கழித்து ஓய்வுபெற்றவள் எழுதுவது. கருவிகளை இயக்க உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். கொடுக்காவிட்டாலும் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். நான் எழுத விரும்புவது வேறொன்றைப் பற்றி. நீங்கள் அனுப்பிய அபாயச் செய்தி ஊரிலுள்ள கைபேசிகளில் எல்லாம் அலறி ஓய்ந்த பிறகு, அதைக் கேட்ட மனிதர் என்ன செய்கிறார்? இதைப் பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஒரு வார்த்தை வராது. செய்தி போய்ச் சேர்ந்ததும் மனிதர் எழுந்து நடந்துவிடுவார் என்பது மேலே இருப்பவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு நான் மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே என் தலை நரைத்தது.

முதலில், நீங்கள் வாங்கப்போகும் வசவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அபாயச் செய்தி போன சில நிமிடங்களில் நம் அறைத் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும். உதவி கேட்டு அழைப்பவர்கள் குறைவு. ஏன் அலறினாய் என்று கேட்பவர்களே அதிகம்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரியவர் ஒரு முறை அழைத்தார்: “பெருமாள் எதிர்ல கண்ணை மூடிக்கினு நிக்கிறேம்மா. இடுப்புல போனு கத்துது. தீர்த்தம் குடுக்க வந்த பட்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்குதே, அதுக்கு வெள்ளமே வந்திருக்கலாம்!” ஒரு கல்லூரிப் பெண், “நான் சைலன்ட்லதானே வெச்சிருந்தேன் மேடம், என் போன்ல நீங்க எப்படிக் கை வெக்கலாம்?” என்றாள். சுற்றுக் கிராமமொன்றிலிருந்து ஒரு ஜைனக் குடும்பத்து விவசாயி, குரலை உயர்த்தாமல், ஆனால் விடாமல், “எங்க ஊருல ஆறே கிடையாதும்மா. இல்லாத ஆத்துக்கு எங்களை ஏன் எழுப்பறீங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே விளக்கத்தை நான் பொறுமையாகச் சொல்லிவந்தேன். இது உங்கள் எண்ணைத் தேடி வரும் குறுஞ்செய்தி அன்று. ஒரு கைபேசிக் கோபுரத்தின் எல்லைக்குள் அந்த நேரத்தில் எத்தனை கைபேசிகள் விழித்திருக்கின்றனவோ, அத்தனையிலும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். எண் தேவையில்லை, இணையம் தேவையில்லை. நீங்கள் மௌனத்தில் வைத்திருந்தாலும் ஒலிக்கும். ஆற்றங்கரையில் வசிப்பவருக்கும் அந்தப் பக்கம் பேருந்தில் கடந்து போகிறவருக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. திரையின் நடுவில் வந்து, நீங்கள் பார்த்ததாக ஒப்புக்கொள்ளும்வரை நகராது. உறவினர் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பழைய புயல் படமும் இதுவும் ஒன்றல்ல. இத்தனையையும் கேட்டுவிட்டு மறுமுனையில் இருப்பவர், “அதெல்லாம் சரிம்மா, இனிமே எனக்கு அனுப்பாதீங்க” என்பார். நீங்கள் தொலைபேசியை மெதுவாக வைக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

எரிச்சல் பொதுமக்கள் மீது மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். செய்தியை எழுதுகிறவர்களிடம் எனக்கு இருந்த சண்டை அதைவிடப் பெரிது. “தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை எழுத்தெழுத்தாகப் பார்த்திருப்பேன்! எந்த மனிதராவது தன் வீடு தாழ்வான பகுதியில் இருப்பதாக நினைப்பாரா? வேகவதிக் கரையை ஒட்டி, மழை பெய்தால் வாசற்படியில் தவளை வந்து உட்காரும் வீட்டிலிருந்து ஓர் அம்மாள் என்னை அழைத்து, “தாழ்வான பகுதின்னு போட்டிருக்குதேம்மா, அது எந்தப் பக்கம்? அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கறாங்களா பாக்கணும்” என்று உண்மையான கவலையோடு கேட்டிருக்கிறார். பாதுகாப்பான இடம் எது, எப்போது போவது, எந்த வழியாகப் போவது என்று எதுவும் அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்டுக்கொள்கிறவர் யார் என்பதும் இல்லை. தெருப்பெயரைப் போடுங்கள், பள்ளிக்கூடத்தின் பெயரைப் போடுங்கள், ‘இப்போதே’ என்று போடுங்கள் என்று நான் எழுதிய குறிப்புகள் மேலே போயின. போன இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்றே நம்புகிறேன்.

இனி, நான் சொல்ல வந்த நிகழ்ச்சி.

கைபேசிக்கு அபாயச் செய்தி அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்த்த நாளில் அது தொடங்கியது. ஒரு முற்பகலில் எல்லாக் கைபேசிகளும் ஒருசேர அலறும், இது வெறும் சோதனை, பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை என்று செய்தித்தாள்களில் அறிவிப்பு வந்திருந்தது. அறிவிப்பைப் படித்தவர்களுக்குப் பதற்றம் இல்லை. பிள்ளையார்பாளையத்தில், ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு தெருவில், அன்று காலை யாரும் செய்தித்தாள் படிக்கவில்லை. அவர்கள் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெளியூரிலிருந்து பணிக்கு வந்திருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளின் தொகுதிதான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, ஈரம் காயும் முன் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். இழைகள் ஒட்டாமலிருக்க இடையிடையே குச்சிகளை நுழைத்து, அவற்றை இருபுறமும் நின்று ஒரே சீராக நகர்த்திக்கொண்டு போவார்கள். அந்த வேலை நடக்கும்போது தெருவில் மிதிவண்டிகூட இறங்கி நடந்துதான் போகும். ஒருவர் கை ஒரு நொடி பிசகினால் போதும்.

அன்றைய பாவு ஏகாம்பரம் என்பவருடையது. சொந்தமாகப் பட்டு வாங்கி, தன் தெருவில் சில தறிகளுக்குப் பாவு கொடுத்து நெய்து வாங்குகிறவர். குச்சியின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் அவருடைய தங்கை செல்வி. அண்ணன் கொடுக்கும் பாவில்தான் அவளும் நெய்தாள். அவள் இடுப்பில் செருகியிருந்த கைபேசி அலறியது. அவளுடையது மட்டுமா, தெருவே அலறியது. செல்வி குச்சியை விட்டுவிட்டாள். விறைத்து நின்ற ஈர இழைகள் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, அறுந்து தொங்கின.

மறுநாள் ஏகாம்பரம் ஒரு பெரிய பையோடு என் அறைக்குள் நுழைந்து, அதிலிருந்ததை என் மேசைமேல் கவிழ்த்தார். அரக்கு நிறப் பட்டு, பிரிக்க முடியாத சிக்கலாய்க் கிடந்தது.

“இன்னா மேடம் இது?” என்றார்.

“பட்டு” என்றேன்.

“நேத்து வரைக்கும் பட்டு. இன்னிக்கு இது இன்னான்னு நீங்கதான் சொல்லணும். உங்க டெஸ்ட்டு நல்லா பாஸாச்சுதுங்களா?”

அறிவிப்பு வந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். “பேப்பர்ல போட்டீங்க. தெருவுல வந்து ஒரு வார்த்தை, ‘நாளைக்கு போன் கத்தும்பா, பாவு நீட்டாதீங்க’ன்னு சொல்றதுக்கு ஆள் கிடைக்கலை. பதற்றமடைய வேணாம்னு போட்டிருக்கறீங்களாமே. நாங்க எங்க பதற்றமடைஞ்சோம்? பாவுதான் பதற்றமடைஞ்சுபோச்சு.”

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதை மேலே எழுதினேன். அதுவும் பத்திரமாக இருக்கும்.

ஆனால் அவர் என்னிடம் சொல்லாத ஒன்றை அந்தப் பகுதியின் கிராம உதவியாளர் முருகேசன் பிறகு சொன்னார். பாவு அறுந்த உடனே, ஏகாம்பரம் தன் தங்கையைத் தெரு நடுவில் நிற்க வைத்து, அக்கம்பக்கத்தார் அத்தனைபேர் முன்னிலையிலும் வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கிறார். “போனா பாவான்னு கேட்டா போனுன்னு சொல்லிட்டா என் தங்கச்சி” என்பது அதில் நாகரிகமான பகுதி. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பாவு மட்டும் போய்க்கொண்டிருந்தது, மற்றவர்கள் கை வழியாக. தெருவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. கைபேசிக் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லாருடைய கைபேசியிலும் அபாயச் செய்திக்கான பொத்தானை அணைக்கச் செய்துவிட்டார்கள். போதாக்குறைக்கு, பாவில் கை வைக்கும் வேலை எதுவானாலும் கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடும் வந்தது. எந்த அலுவலகமும் இட முடியாத உத்தரவு அது. ஒருவர்கூட மீறவில்லை.

இது எனக்குத் தெரியும். முருகேசன் சொன்னதும் அந்தத் தெருவுக்குப் போய்ப் பேசினேன். பொத்தானைத் திரும்பப் போடுங்கள் என்றேன். “போட்டுடலாம்மா” என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். நம் மக்கள் ‘முடியாது’ என்று சொல்லும் மரியாதையான முறை அது.

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் ஒரு பிற்பகல். காலை முதல் நிற்காத மழை. மேற்கே ஏரி நிரம்பி, உபரிநீர் வேகவதியில் இறங்கத் தொடங்கிவிட்டது என்று தகவல் வந்தது. கரையோரத் தெருக்களுக்கு அபாயச் செய்தி அனுப்பினோம். உடனே வழக்கம்போல் வசவுகள் வந்தன. ஒருவர் மாமனார் வீட்டு விருந்தில் இருந்தார், ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், ஒருவருக்கு நெஞ்சு படபடத்ததாம். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே, எங்கிருந்து அழைக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தக் கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். திட்டுகிறவர் செய்தியைப் பெற்றவர். அவரைப் பற்றி நீங்கள் பாதி கவலையை விட்டுவிடலாம். ஒரு பகுதியிலிருந்து ஒருவரும் திட்டவில்லை என்றால் அப்போதுதான் எழுந்து நிற்க வேண்டும். அன்று பிள்ளையார்பாளையத்தின் மேட்டுத் தெருக்களிலிருந்தெல்லாம் திட்டு வந்தது. ஆற்றை ஒட்டிய அந்த ஒரு தெருவிலிருந்து மட்டும் ஒரு குரலும் வரவில்லை.

முருகேசனை அந்தத் தெருவுக்குப் போகச் சொல்லிவிட்டு, தரைவழித் தொலைபேசியில் ஏகாம்பரத்தை அழைத்தேன். அவர் ஒரு சேலையைக் கொடுக்கக் கடைத்தெருவுக்கு வந்து, மழையில் மாட்டிக்கொண்டு, ஏதோ ஒரு கடையின் தகரத்துக்கடியில் நின்றிருந்தார்.

“செய்தி பார்த்தீர்களா?”

“எந்தச் செய்தி?”

“உங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.”

“எங்க தெருவுக்கா? மழைக்கு வாசல்ல கொஞ்சம் நிக்கும் மேடம். வருஷா வருஷம் நிக்குது.”

இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள். சென்ற ஆண்டு வந்த அளவுக்கே இந்த ஆண்டும் வருவதாகத் தண்ணீர் யாருக்கோ எழுதிக் கொடுத்திருப்பதுபோல் பேசுவார்கள். கோபப்படாமல், ஏரியிலிருந்து என்ன வருகிறது என்பதைச் சொன்னேன். அவர் குரல் மாறியது. மனைவியும் பிள்ளைகளும் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு, சற்றுத் தயங்கி, “எங்க தறி போட்டிருக்கற கடைசி வூட்ல செல்வி பாவு பிணைச்சுக்கினு இருக்கறா” என்றார்.

தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கி இணைப்பதற்குப் பெயர் பாவு பிணைப்பது. ஆயிரக்கணக்கான இழைகள். பாதியில் எழுந்தால் வரிசை குலையும், குலைந்தால் முழுவதும் போகும். அந்தக் கடைசி வீட்டின் பின்சுவர் ஆற்றைப் பார்த்தது. செல்வியோடு இன்னொரு வயதான பெண்மணியும் பிணைக்க உட்கார்ந்திருந்தார். தெருக் கட்டுப்பாட்டின்படி இருவர் கைபேசியும் அங்கே இல்லை.

அதற்குள் முருகேசன் என் கைபேசிக்கு வந்துவிட்டார். மழை இரைச்சலுக்கு மேல் கத்தினார்: “அம்மா, தெருவுல முழங்கால் தண்ணி. மத்தவங்களை எல்லாம் ஸ்கூலுக்கு ஏத்திட்டேன். இந்த ரெண்டு பேரு மட்டும் எழுந்துக்க மாட்டேன்றாங்க!”

“ஏன்?”

“அண்ணன் சொல்லட்டும்னு சொல்லுதும்மா இந்தப் பொண்ணு.”

செல்வியிடம் கைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். பிணைப்பதை நிறுத்தாமலேயே அவள் பேசியிருக்க வேண்டும். குரல் ஒரே சீராக இருந்தது.

“மேடம், எனக்குப் புரியுது. தண்ணி உள்ள வந்துக்கினு இருக்குது, நான் பாத்துக்கினுதான் இருக்கறேன். கால் வெச்சிருக்கற தறிக்குழி பாதி ரொம்பிடுச்சு.”

“பிறகென்ன, எழுந்திரம்மா!”

“இது என் பட்டு இல்லை மேடம். போன தடவை ஒரு சத்தத்துக்கு கையை உட்டேன். அதுக்கு நான் தெருவுல நின்னது உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. இந்தத் தடவை பாவு குடுத்தவரு சொன்னா எழுந்துக்கறேன். கூட இருக்கற அம்மாவைப் போகச் சொல்லிட்டேன், அதுவும் என்னை உட்டுட்டு போவாதாம்.”

என் மேசைமேல் மாவட்ட ஆட்சியரின் அதிகாரம் இருந்தது, சட்டத்தின் பிரிவுகள் இருந்தன, செயற்கைக்கோள் படம் இருந்தது. ஓர் இளம்பெண்ணைத் தறியிலிருந்து எழுப்ப அவற்றில் எதற்கும் வலுவில்லை. முருகேசன் அவளைத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஓடும் தண்ணீரில், திமிறும் ஒருத்தியையும் நடக்கத் தடுமாறும் ஒரு வயதானவரையும் ஒற்றை ஆளாய் இழுத்துவர முடியாது. மூவரும் தண்ணீரோடு போய்விடுவார்கள். மீட்புக் குழு வேறொரு கரையில் இருந்தது. அந்த நேரத்தில் அவளைப் பத்திரமாக எழுப்பக்கூடியது ஒரே ஒரு குரல்தான். அந்தக் குரல் என் மற்றொரு காதில் காத்திருந்தது.

“ஏகாம்பரம், உங்கள் தங்கை எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொல்ல வேண்டுமாம்.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க மேடம். பிணைச்ச வரைக்கும் இழையைக் கட்டிட்டு, மீதி பாவை மெதுவா சுருட்டி, பரண் மேல தூக்கிப் போட்டுட்டு...”

“மெதுவாகவா?” என்றேன். என் பணிக்காலத்தில் நான் குரலை உயர்த்திய தருணங்கள் மிகக் குறைவு. அது அவற்றில் ஒன்று. “பாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. எழுந்து வா என்று மட்டும் சொல்லுங்கள். என்னிடம் இல்லை. அவளிடம்.”

“அவ என்கிட்ட பேசறதில்லை மேடம்.”

“நீங்கள் பேசுங்கள்.”

தரைவழித் தொலைபேசியின் கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பி, அதன் வாயை என் கைபேசியின் காதிலும், காதை அதன் வாயிலும் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். அரசு கொடுத்திருந்த அத்தனை தொடர்புச் சாதனங்களுக்கும் நடுவில் நான் செய்தது அதைத்தான். அங்கே மழை, இங்கே மழை. ஏகாம்பரம் பேசவில்லை. தகரத்தில் விழும் தண்ணீரின் ஓசை மட்டும் கேட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் ஊழியர் என்னைப் பார்த்தார். ‘பேசு, பேசு’ என்று நான் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார்.

“செல்வி” என்றது கடைசியில் அந்தக் குரல்.

மறுமுனையில் தண்ணீர் சுவரில் மோதும் ஓசை.

“ஏ செல்வி. பாவை உட்டுட்டு வாம்மா.”

“கட்டிட்டு வர்றதா, அப்படியே வர்றதா?”

ஒரு நொடி தயங்கினார். அந்த நொடியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நெய்கிறவர்களோடு வாழ்ந்ததால் புரிந்துகொள்ள மட்டும் முடிகிறது.

“அப்படியே வா.”

“அப்புறம் தெருவுல நிக்க வெச்சு கேப்பே.”

“கேக்க மாட்டேன்.”

“அன்னிக்கு கேட்டியே.”

“கேட்டேன். தப்புதான். இப்ப வாடி!”

“முருகேசண்ணன் கேட்டுக்கினு இருக்கறாரு, அந்த மேடம் கேட்டுக்கினு இருக்கறாங்க.”

“ஊரே கேக்கட்டும்! தப்புதான், தப்புதான்! எழுந்து வெளிய வா!”

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் வீட்டில், அரசுத் தொலைபேசிகளின் வழியே, இவர்கள் தங்கள் பழைய வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தேன். நடுவில் குறுக்கிட்டிருந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பது எனக்கு அந்தக் கணத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவள் காத்திருந்தது பாதுகாப்பான இடத்தின் பெயருக்காக அன்று. எழுந்து வந்தபின் தான் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா என்ற ஒன்றுக்காக. அதற்கு உறுதி தரக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு தண்ணீரில் கால்கள் அளையும் ஓசை. முருகேசனின் குரல்: “வந்துட்டாங்கம்மா. ரெண்டு பேரும் வந்துட்டாங்க. ஆயா, கையைப் புடி, கையைப் புடி.” அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது. நான் கைப்பிடியை அதன் இடத்தில் வைக்கவே சிறிது நேரம் ஆயிற்று, விரல்கள் பிரிய மறுத்தன.

இருட்டுவதற்குள் அந்தக் கடைசி வீட்டின் பின்சுவர் ஆற்றில் விழுந்தது. தறி நின்ற இடத்தில் மரத்துண்டுகளும் சேறும் மட்டுமே மிஞ்சின என்று முருகேசன் சொன்னார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போனேன். செல்வி வரிசையில் நின்று உப்புமா வாங்கிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி ஏகாம்பரம், அவளைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு, கையில் இரண்டு தேநீர்க் குவளைகளோடு நின்றிருந்தார். நான் அவளிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். அபாயச் செய்தியை அணைத்து வைத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு, அது உயிரைக் காக்கும் சத்தம், உடனே திரும்பப் போட வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவள் உப்புமாவை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“போட்டுக்கறேன் மேடம். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நேத்து எனக்கு சத்தம் கேட்டிருந்தா மட்டும் நான் எழுந்திருப்பேனா? தண்ணி காலுக்கடியில வந்ததே எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய சத்தம் எது? எனக்கு அனுப்பறதை அனுப்புங்க. பாவு குடுத்தவருக்கு முதல்ல அனுப்புங்க.”

“உங்க மேடம் எனக்குத்தான் முதல்ல போன் பண்ணாங்க” என்றார் ஏகாம்பரம், குவளையை அவளிடம் நீட்டியபடி.

“பண்ணி? பரண் மேல போடச் சொன்னியாமே. மேடம் முருகேசண்ணன்கிட்ட சொன்னாங்களாம். பரண் எங்க இருக்குதுன்னு போய்ப் பாரு, ஆத்துல இருக்குது.”

அவர் குவளையை அவள் வாங்கும்வரை நீட்டியபடியே நின்றார். வாங்கினாள்.

அவள் சொன்னதை நான் வேறு தொழில்களுக்கும் பொருத்திப் பார்த்தேன். செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் சூளைக்காரரின் சொல்லுக்கு நிற்கிறார். மாகறல் பக்கம் ஆற்றோரக் காவலுக்கு இருப்பவர் தோப்புக்காரரின் சொல்லுக்கு நிற்கிறார். புதிதாக மணமாகி வந்த பெண் மாமியாரின் சொல்லுக்கு நிற்கிறாள். நம் செய்தி அவர்கள் கைபேசியை எட்டிவிடும். அவர்கள் கால்களை எட்டுவதற்கு இன்னொருவருடைய அனுமதி வேண்டியிருக்கிறது. இதைத் தவறு என்று நீங்கள் பேசலாம், நானும் பேசியிருக்கிறேன். தண்ணீர் ஏறும்போது பேசுவதற்கான பொருள் அன்று அது. செய்தி போகிற அதே நேரத்தில் உங்களில் ஒருவர், அந்தந்தத் தெருவில் வேலையை நிறுத்தச் சொல்லக்கூடியவர் யாரோ அவரை அழைத்துவிட வேண்டும். அழைத்து, ‘வேலையை அப்படியே விட்டு வரச் சொல்லுங்கள், பிறகு கேட்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள்’ என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். முதல் பகுதியைவிட அதுதான் ஆளை நகர்த்துகிறது. இதற்கென உங்கள் மென்பொருளில் ஒரு கட்டமும் இருக்காது. இருக்க வேண்டும் என்று நான் எழுதியதும் எங்கோ பத்திரமாக இருக்கிறது.

அதற்கடுத்த மழைக்காலம் எனக்குப் பணியில் கடைசி. மீண்டும் ஏரி நிரம்பியது, மீண்டும் செய்தி அனுப்பினோம். கையோடு ஏகாம்பரத்தை அழைத்தேன். கடைசி வீட்டில் போன தறிக்குப் பதிலாகப் போட்ட புதிய தறி இப்போது அவர் வீட்டிலேயே ஒரு பக்கத்தில் இருந்தது.

“ஏகாம்பரம், தெருவை விட்டுக் கிளம்புங்கள். தறிகளில் இருப்பவர்களிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.”

“சொல்றேன் மேடம், சொல்லிடறேன். ஒரே ஒரு சேலை மேடம், முந்தானை முடியப்போவுது. கொஞ்ச நேரம் மட்டும்...”

என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். ஒரு வீடு ஆற்றோடு போயும், ஊரே கேட்க ‘தப்பு’ என்று கத்தியும், இந்த மனிதர் முந்தானையை நெய்துகொண்டிருந்தார்! நான் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் இழுபறி கேட்டது. பிறகு செல்வியின் குரல் வந்தது, மூச்சு வாங்க, குடைமேல் மழை கொட்டும் ஓசையோடு.

“மேடம், நாங்க எல்லாரும் வெளிய வந்துட்டோம். தெருவே வந்தாச்சு. இவரு மட்டுந்தான் உள்ள உக்காந்துக்கினு இருந்தாரு, சட்டையைப் புடிச்சு இழுத்துக்கினு வர்றேன். போனை வெச்சிடறேன் மேடம், எனக்கு ரெண்டு கையும் வேணும்.”